முரண்டு பிடிக்கத் தெரியாத சந்தேக நபர்

காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது மைதானத்தின் நடுவே விரித்திருந்த நீல நிற மெத்தைப் பாய். அதன் ஓரத்தில் ஒரு கான்ஸ்டபிள் கணுக்காலில் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கணுக்கால் சுளுக்காமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இடம், ஹைதராபாத் எல்லையில் ஒரு போலீஸ் பயிற்சி மைதானம். நான் நிருபராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முரண்டு பிடிக்கும் சந்தேக நபரைக் காயப்படுத்தாமல் கட்டுப்படுத்துவதற்குப் புதிய விதிமுறை வந்திருந்தது. பயிற்சி முடிக்கும் கான்ஸ்டபிள்களுக்கு அதில் தேர்வு. பார்க்கப் பத்திரிகைக்காரர்களையும் அழைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பழைய நகரத்துக்காரர். மொத்த விதிமுறையையும் நாலு வரியில் முடித்தார்.

"முதல்ல முன்னால போய் நில்லு. ரெண்டாவது வாயால சொல்லு. கேக்காம முரண்டு பண்ணா, பண்ற அளவுக்கு மட்டும் பலம். அவன் நிறுத்தினா நீயும் நிறுத்து." (அவர் பேசியது தக்கணி உருது. தமிழாக்கமும் அதிலுள்ள பிழைகளும் என்னுடையவை.)

ஆளைக் குப்புறப் போட்டு முதுகில் உட்காரவே கூடாது. விலங்கு மாட்டியதும் பக்கவாட்டில் திருப்பி, மூச்சு வருகிறதா என்று கேட்க வேண்டும். கீழே கிடப்பவர் தரையை இரண்டு முறை தட்டினால் 'போதும், விடு' என்று பொருள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

"சந்தேக நபரா நடிக்க வேண்டியவருக்குக் கால் சுளுக்கிடுச்சு. பிரஸ்ல யாராவது வர்றீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

என் கை தானாக உயர்ந்தது. 'நான் கைதான கதை' என்று தலைப்பும், அதன் கீழே என் பெயரும், கொட்டை எழுத்தில் எனக்குத் தெரிந்துவிட்டன. ஒரு சிவப்புப் பனியனை மாட்டிவிட்டார்கள். அதன் முதுகில் தெலுங்கில் 'திருடன்' என்று எழுதியிருந்தது. ('சந்தேக நபர்' என்று எழுத இடம் போதவில்லையாம்.)

என்னைப் பிடிக்க வேண்டியவள் செல்வி. லாலாகுடா ரயில்வே காலனித் தமிழ்ப் பெண். என் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும், "தமிழா அண்ணா? நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். அவளுக்கு நல்லதாகப் போகவில்லை.

ஏனென்றால் என் வளர்ப்பு அப்படி. மாரெட்பள்ளியில் எங்கள் குடும்பம் சட்டத்துக்கு அடங்குவதை ஒரு நோயாகவே வைத்திருந்தது. டிராபிக் போலீஸ் பக்கத்து ஸ்கூட்டரை நிறுத்தினால் அப்பாவும் நிறுத்துவார். நிறுத்தியதோடு லைசென்ஸையும் எடுத்து நீட்டுவார். நான் அவருடைய மகன்.

விசில் ஒலித்தது. செல்வி முன்னால் வந்து நின்று, "கையைப் பின்னால வைங்க!" என்றாள்.

வைத்தேன். அவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று கைக்கடிகாரத்தையும் கழற்றினேன்.

இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "க்யா மியா, என்ன இது! நீங்க முரண்டு பண்ணாதான் அவ பலம் காட்ட முடியும். சும்மா நிக்கிறவர் மேல கை வெச்சா விதிப்படி அவ ஃபெயில்."

இரண்டாவது முறை அவள் மணிக்கட்டைப் பற்றியதும் என் வாயில் வந்த சொல், "சாரி." மற்ற பத்திரிகைக்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரின் மார்க் தாளில் ஒரு கட்டம்கூட நிரம்பவில்லை. "கடைசி தடவை" என்றார்.

மூன்றாவது முறை என் இடது கையில் விலங்கை மாட்டிக்கொண்டே செல்வி காதருகே, தக்கணி கலந்த தமிழில் சீறினாள். ('கைக்கு' என்றால் 'ஏன்'. 'நக்கோ' என்றால் 'வேண்டாம்'.)

"கைக்கு அண்ணா, கைக்கு இப்படிப் பண்றீங்க? ஏற்கெனவே ரெண்டு தடவ ஃபெயிலு. இன்னிக்கும் போச்சுன்னா திங்கக்கிழமை என் பேட்ச் எல்லாம் ஸ்டேஷனுக்குப் போயிரும். நான் மட்டும் இங்கயே லெஃப்ட் ரைட் போட்டுட்டு இருக்கணும். அடங்கி நிக்கிறது நக்கோ அண்ணா. ஓடுங்க!"

"எங்கே?"

"எங்கயாவது ஓடுங்க!"

போலீஸ் சொன்னால் கேட்கும் குடும்பம் அல்லவா? ஓடினேன்.

பாயைச் சுற்றி ஓட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. அப்போது எதிரே தெரிந்தது, காய்கறி வண்டிக்காகத் திறந்து வைத்திருந்த பக்கவாட்டுக் கேட். அதைத் தாண்டிச் சாலைக்கு வந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் இரானி டீக்கடை. கடை வாசலில் பதினான்கு பேர். அவர்கள் பார்த்தது: போலீஸ் மைதானத்திலிருந்து, ஒரு கையில் விலங்கு தொங்க, முதுகில் 'திருடன்' என்ற எழுத்தோடு ஓடி வரும் ஒருவன்.

"பக்டோ! பிடிங்க!"

விதிமுறை டீக்கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை. வாயாலும் சொல்லவில்லை. நேராக மூன்றாம் கட்டம். அரை நிமிடத்தில் நான் குப்புறக் கிடந்தேன். முதுகில் ஓர் ஆட்டோக்காரர் உட்கார்ந்திருந்தார். கூடாது என்று காலையில் சொன்ன ஒவ்வொன்றும் அதே வரிசையில் நடந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, தரையை இரண்டு முறை தட்டினேன்.

"கல்லத் தேடுறான், கல்லத் தேடுறான்!" என்று ஆட்டோக்காரர் இன்னும் அழுத்தி உட்கார்ந்தார்.

மூச்சு நிஜமாகவே முட்டியது. அப்போது ஒரு குரல். அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய குரல் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எல்லாரும் விலகுங்க! நீங்களும்தான், ஆட்டோ அண்ணா, எந்திரிங்க!"

பதினான்கு பேரும் விலகினார்கள். ஆட்டோக்காரர் எழுந்துவிட்டார். ஆனால் என் முகம் மண்ணில் இருந்ததால் அது எனக்குத் தெரியாது. ஒரு கை தோளைத் தொட்டதும், மறுபடியும் அவர்தான் என்று நினைத்து உதைத்தேன், உருண்டேன், திமிறினேன், தமிழில் திட்டினேன். என் வாழ்க்கையில் போலீஸுக்கு நான் காட்டிய முதல் முரண்டு அதுதான்.

செல்வி ஒரு நொடியும் வீணாக்கவில்லை. முழங்கையை மடக்கினாள். என் வலது கையிலும் விலங்கு மாட்டியது. நான் அடங்கிய கணத்தில் அவள் பிடியும் தளர்ந்தது. பக்கவாட்டில் திருப்பினாள்.

"மூச்சு வருதா அண்ணா?"

"வருது."

"பேரு சொல்லுங்க."

பெயர், வயது, பதவி எல்லாம் சொன்னேன். அப்பாவின் பதவியையும் சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் மூச்சு வாங்க ஓடி வந்து, நடுச்சாலையில் நின்றபடியே மார்க் தாளில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. சந்தேக நபரைக் கேட்டைத் தாண்ட விட்டதற்கு ஒன்று குறைவு.

"ஷாபாஷ் செல்வி. திங்கக்கிழமை ஸ்டேஷன்."

செல்வி விலங்குச் சாவியை வானத்தில் எறிந்து பிடித்தாள். ஆட்டோக்காரர் மட்டும் ஏமாற்றமாக இருந்தார். "அப்ப இவன் நிஜத் திருடன் இல்லியா?"

"பத்திரிகை நிருபர்."

"அப்ப நான் பிடிச்சது தப்பில்ல" என்று, எனக்கு ஒரு சாய் வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் போட்டிப் பத்திரிகையில் படம் வந்தது: பனியன், விலங்கு, முகமெல்லாம் மண். அம்மா திருநெல்வேலிக்காரி. படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏல, ஓடத்தான் ஓடுனே, நல்ல சட்டையப் போட்டுட்டு ஓடப்படாதா?" என்றாள்.

இது நடந்து பதினோரு வருடம். என் மனைவி எங்கள் மகனை எழுப்புவது இப்போதும் அந்த விதிமுறைப்படிதான். கட்டிலருகே போய் நிற்பாள். பிறகு வாயால் சொல்வாள். மூன்றாம் கட்டத்துக்குத் தண்ணீர்ச் செம்பு. சாப்பாட்டு மேஜையில் போதும் என்று யாரும் சொல்வதில்லை. மேஜையை இரண்டு முறை தட்டுவோம். மகன் முதல் விருந்தாளிகள் வரை எல்லோருக்கும் அந்தச் சைகை பழகிவிட்டது.

நேற்று மதியமும் இரண்டு முறை தட்டினேன். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.