பெரியப்பாவும் மூன்று கண்ணாடிகளும்

கையெழுத்துப் போடச் சொன்னால் சட்டைப் பையைத் தடவுகிற மனிதர்களைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். வாய்க் கார்டியன் என்பது இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர். தகப்பன் இல்லாத பிள்ளை வளரும் வீட்டில் இந்த இனம் கட்டாயம் இருக்கும். துபாயில் உண்டு, தோஹாவில் உண்டு, உங்கள் வீட்டுச் சோபாவிலும் இருக்கலாம்.

எங்களுக்கு வாய்த்தவர் சேதுராமன். துபாய் ஜெபல் அலியில் குடோன் சூப்பர்வைசர். என் அக்காவின் இறந்துபோன புருஷனுக்கு அண்ணன். ஞாயிறுதோறும் ஷார்ஜாவில் எங்கள் வீட்டுக்கு வந்து, கோழிக்குழம்பில் காலாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, அக்கா மகள் அருணா என்ன படிக்க வேண்டும், யாரோடு பேசக் கூடாது, துப்பட்டாவை எப்படிப் போட வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்துவிட்டு, "நான் இருக்கேன்ல?" என்று ஏப்பம் விடுவார்.

இருந்தார். யார் இல்லையென்றது?

அக்கா வீரம்மாள் ஆபரேஷனுக்காக ஊருக்குப் போக வேண்டி வந்தது. அவள் திரும்பி வரும்வரை பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் உறவினர் கையெழுத்து வேண்டும் என்று பள்ளியில் படிவம் கொடுத்தார்கள். இல்லையென்றால் அருணா பத்தாம் வகுப்புத் தேர்வை விட்டுவிட்டு அம்மாவோடு போக வேண்டியதுதான். எல்லோரும் சேதுராமனைப் பார்த்தோம்.

அவர் பையைத் தடவினார். "அடடா, கண்ணாடிய ரூம்லயே வச்சுட்டேனே."

போன ஞாயிறும் இதேதான். அருணா உள்ளே போய், மலிவுக் கடையில் வாங்கி வைத்திருந்த மூன்று கண்ணாடிகளை அவர்முன் பரப்பினாள்.

"பவர் ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு. எது சேருதுன்னு பாருங்க பெரியப்பா."

ஒன்றரை சேர்ந்தது. படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையில்லம்மா கேப்பாங்க? ஊர்ல அண்ணன் தம்பிகளோட ஒரு வார்த்த கலந்துக்கிறேன். யல்லா, கெளம்புறேன், டூட்டிக்கு நேரமாச்சு."

"ஞாயித்துக்கிழமை என்ன டூட்டி பெரியப்பா?"

கண்ணாடியைக் கழற்றாமலே கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

எங்கள் ஊரில் முன்பு, அப்பன் செத்த பிள்ளைக்கு நாலு ஏக்கர் இருந்தால், கார்டியனாகப் பெரியப்பாவும் சித்தப்பாவும் கோர்ட்டு வாசலில் அடித்துக்கொள்வார்களாம். அன்று யாருக்கும் கண் மங்கவில்லை. அருணாவுக்கு இருக்கும் சொத்து ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ்.

சிரிக்கிறீர்களா? உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். அதற்கு நீங்கள் கடைசியாகக் கொடுத்தது புத்திமதியா, கையெழுத்தா? கையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஐந்தாவதோடு நின்ற என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானே படிவத்தை இழுத்து, எழுத்தெழுத்தாகப் பெயரைப் போட்டேன். பள்ளியில் ஏற்றுக்கொண்டார்கள். அருணா தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். பெரியப்பா ஞாயிறுதோறும் போனில் மார்க் எவ்வளவு வரும் என்று விசாரிக்கிறார். ஒன்றரைக் கண்ணாடி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.