குழுத் தலைவர் வாசலில் வைத்த விளக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீயும் அத்தானும் வலி, வேதனை இல்லாமல் நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க. நிற்காமல் போனது என் மானம் மட்டும்தான்.

எங்கள் கம்பெனி மருந்துப் பெட்டிகளுக்கு அட்டை அச்சடிக்கிறது, அங்கே நான் பணியாளர் விவகாரம் பார்க்கும் மேனேஜர் என்பதெல்லாம் உனக்குத் தெரிந்ததே. மூன்று மாதத்துக்கு முன் முதலாளி ஒரு கூட்டம் போட்டு, இனி மாற்றுத்திறனாளிகளையும் வேலைக்கு எடுப்போம், வேண்டிய வசதிகளைச் செய்ய ஒரு குழு அமைப்போம் என்று சொன்னாராம். சொன்னாராம் என்கிறேனே, நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். ஃபேன் சத்தம் அப்படி. கடைசியில் அவர் என்னைப் பார்த்து என்னவோ கேட்டார், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். கைதட்டினார்கள். வெளியே வந்து டைப்பிஸ்ட் அம்மாவிடம் நைசாக விசாரித்த பிறகுதான், அந்தக் குழுவுக்கு நான் தலைவராகிவிட்டேன் என்று தெரிந்தது.

முதலில் வேலைக்கு வந்தவள் பிழை திருத்துகிற ஒரு பெண். சக்கர நாற்காலியில் வருவாள். அட்டையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் பிடித்துவிடுவாள். நான் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்த தெம்பில், அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக, கத்தி, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டேன். அச்சு மெஷின்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். அவள் பொறுமையாக, "சார், எனக்குக் கால்தான் வராது. காது நல்லாக் கேக்கும்" என்றாள். எழுந்திருக்க என்னால் முடியவில்லை, மூட்டு பிடித்துக்கொண்டது. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன். குழுத் தலைவர் ஆற்றிய முதல் பணி இது.

வாசலில் மூன்று படி. தினமும் பேக்கிங் ஆட்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி மேலே வைப்பார்கள். ஒரு நாள் அவள் என் அறைக்கு வந்து, "தினமும் என்னைத் தூக்கித் தூக்கி வைக்கிறாங்க சார். நான் என்ன அட்டைப் பெட்டியா? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற வேலை தேடிக்கிறேன். வாசல்ல ஒரு ராம்ப் போட்டுக் குடுங்க, போதும்" என்றாள். இது பிற்பாடு அவள் எழுதிக்காட்டியது. அன்றைக்கு என் காதில் தெளிவாக விழுந்தது 'வாசல்', 'லாம்ப்', 'போதும்' ஆகிய மூன்றுதான். இவ்வளவுதானா என்று நெகிழ்ந்துபோனேன். எலக்ட்ரீஷியனைப் பிடித்து, வாசலுக்கு மேலே தேர் மாதிரி ஒரு பித்தளை விளக்கு மாட்டி, முதலாளியைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொல்லி, நாலு வார்த்தை பேசவும் பேசினேன். அவள் கீழே நாற்காலியில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்த்தாள். "ரொம்ப நன்றி சார். எந்தப் படியில எல்லாம் ஏற முடியாதுன்னு இப்பப் பளிச்சுனு தெரியுது" என்றாள். முதலாளி சிரித்தார். நான் அதையும் பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் அவள் ஒரு தாளில் 'ராம்ப்' என்று எழுதி, பக்கத்தில் படியை ஒட்டி ஒரு சாய்தளம் வரைந்து, என் மேஜைமேல் வைத்தாள். பிறகு என் முகத்துக்கு நேரே வந்து மெதுவாக, "சார், எந்தக் காது?" என்றாள். அது மட்டும் நன்றாகக் கேட்டது. "என்ன எந்தக் காது? இந்தக் காலத்துல யாரும் வாயைத் திறந்து பேசறதில்லை" என்று எரிந்து விழுந்தேன். "தப்பா நினைக்காதீங்க சார், பிழையைப் பாத்தா என்னால சும்மா இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

யாருக்கு என்ன குறை, என்ன வசதி வேண்டும் என்று எழுதித் தரும்படி நானே ஒரு படிவம் அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் கொடுத்துவிட்டார்கள். வராதது என்னுடையது. எழுதிக் கொடுத்தால் முதலாளி என்ன செய்வார்? ஆட்களோடு பேசுகிற வேலைக்குச் செவிடன் எதற்கு என்று குடோனுக்கு அனுப்பிவிடுவார். ரிட்டயர் ஆக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆகவே தீர்மானித்துவிட்டேன். என் காதுக்கு ஒன்றும் இல்லை. நாளைக்கே தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன். படிவத்தைக் கிழித்துப் போட்டாயிற்று.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உன் மனம்போல எல்லாம் அமையட்டும்.

இப்படிக்கு,
இரண்டு காதும் நன்றாக உள்ள
உன் தம்பி

பி.கு: கடிதத்தை ஒட்டாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். நேற்றுப் புதுப் படிவம் எடுத்து, 'இடது காது அறவே இல்லை, வலது பாதி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சாய்தளத்துக்குச் சிமெண்டும் வந்துவிட்டது. முதலாளி ஏதோ சொன்னார். நான் தலையை ஆட்டாமல், "எழுதிக் காட்டுங்க" என்றேன். 'மேனேஜர் நாற்காலி, தலைவர் நாற்காலி, இரண்டை விட்டும் எழுந்திருக்காதே' என்று எழுதினார். அதனால் உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமாக ஃபோனில் நீ சொன்னதற்கெல்லாம் "சரிக்கா" என்றேனே, ஒன்றுமே கேட்கவில்லை. போன மாதம் நீ வெகுநேரம் பேசினாய். சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. அழுதாயா அக்கா? என்ன ஆயிற்று என்று எழுது.