தூக்கத்தில் ஆராய்ச்சி செய்கிறவள்

கல்லூரி ஆண்டுமலர் ஆசிரியர் அய்யா அவர்களுக்கு, மெத்தைக் கடைக்காரன் கும்பிட்டு எழுதிக்கொள்வது. தாங்கள் முதுகு வலி இல்லாமல் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். வலி இருந்தால் கடைப் பக்கம் வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். 'சாதனை படைத்த நம் பட்டதாரிகள்' என்ற உங்கள் பக்கத்தில் ஒருத்தர் பாலம் கட்டுகிறார், ஒருத்தர் நீதிபதி, ஒரு அம்மா விமானம் ஓட்டுகிறார். அவங்களுக்கு நடுவில் என் அக்கா மகள். பல்லெல்லாம் தெரிய நல்ல போட்டோ. கீழே, 'தூக்கத்தில் ஆராய்ச்சி செய்து வருகிறார்' என்று போட்டிருக்கிறீர்கள். அய்யா, அவள் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். மத்தவங்க தூங்குவாங்க, இவ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கனவு வர்றப்ப இமைக்குள்ள கண்ணு எப்படி ஓடுதுன்னு பார்ப்பா. நீங்கள் ஆளையே படுக்க வைத்துவிட்டீர்கள்.

அக்கா சந்தோஷத்தில் எழுத்தைப் படிக்காமல் போட்டோவை மட்டும் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். முடிவெட்டுகிறவர்தான் கடை நிறைய ஆளை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "இந்த உத்தியோகம் எனக்கும் கிடைக்குமா? அனுபவம் இருக்குன்னு என் சம்சாரமே சர்டிபிகேட் குடுப்பா" என்றார். நான் சிரிச்சுட்டேன். அதுக்காக, இனிமே உன்கூடப் பேசவே மாட்டேன்னு சொல்ல வந்த அக்கா, அரை நாள் உட்கார்ந்து பேசிட்டுப் போனா.

இதுக்கு மேல ஒண்ணு. கல்லூரி விழாவில் நீங்க குடுக்கிற விருதை வாங்க வர முடியாதுன்னு பிள்ளை தகவல் அனுப்பிடுச்சு. அவ வீட்டுக்கு வந்தே ரொம்ப காலமாச்சு. இந்தச் சாக்கிலாவது வருவாள் என்று அக்கா திரைச்சீலை மாற்றி, கட்டிலைத் துடைத்து வைத்திருந்தாள். உங்க ஒரு சொல்லால வராம போயிட்டாளேன்னு இப்ப அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கா.

நான் எழுதுகிற இந்த மத்தியானத்தில் கடைக்குள்ள பஞ்சு பறக்குது. வெயில் விழற இடத்துக்கு வந்ததும் கீழே இறங்க மனசில்லாம அங்கேயே நிக்குது. சின்ன வயசில் அக்கா மகள் இந்தப் பஞ்சு மூட்டை மேலே படுத்துக்கிட்டுக் கேட்பா: "மாமா, தூங்குறப்ப நான் எங்க போறேன்?" "உங்கம்மாகிட்ட கேக்காம எங்கயும் போயிருக்க மாட்ட" என்பேன். எழுதும்போதே மேசை படகு மாதிரி ஆடுது, பாலத்துக்கு அடியில விமானம் மெதுவாப் போகுது, நீதிபதி மடியில தலையணை வெச்சுத் தீர்ப்பு எழுதறார், நம்ம பிள்ளை எல்லாரையும் 'உஷ்' என்று... மன்னிக்கணும், பேனா கீழே விழுந்து முழிச்சுக்கிட்டேன்.

ஆகவே அடுத்த மலரில் பெரிய எழுத்தில் திருத்தம் போடவும். போட்டால் தங்கள் பிள்ளைகுட்டிகள் புரளாமல் தூங்கிப் பூரிப்பாக எழுந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் (படிப்பு கம்மி, பஞ்சு சுத்தம்)

பின்குறிப்பு: அக்காவுக்கு இதைப் படித்துக் காட்டப் போன இடத்தில் பிள்ளையே போன் பண்ணினாள். விஷயத்தைச் சொன்னால் சிரிக்கிறாள். "அத வெட்டி எங்க வேலை இடத்துச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம் மாமா. அதுக்கா வரலன்னேன்? ஊரு தூங்குறதப் பாத்துப் பாத்து நான் தூங்கறதே இல்ல. மேடையில நிக்கத் தெம்பில்ல" என்றாள். அக்கா போனைப் பிடுங்கி, "மேடை கெடக்குது, நீ வந்து தூங்குடி" என்றாள். வருகிறாள். ஆகவே அய்யா, திருத்தம் வேண்டாம். போட்டது போட்டபடி பலிக்கட்டும். விருதை என் கடையில் கொடுங்கள். வீட்டுப் பக்கம் போய்க் கதவைத் தட்டிவிடாதீர்கள்.