மால்சுன் என்ற வீடியோ உள்ளே வர மறுத்த விவகாரம்

அன்புள்ள மைத்துனர் கில்னாமுக்கு,

தேஜோனிலிருந்து உன் அத்தான் மெங் தோக்சு எழுதுவது. மோக்போவில் கடல்காற்று அடங்கியிருக்கும் என்றும், உன் முழங்கால் நீ சொன்னபடி கேட்கிறது என்றும் நம்புகிறேன். இங்கே குளிர்காலத்துக்குக் கிம்ச்சி போட்டு முடித்தாயிற்று. உன் அக்கா நலம். நான் நலமில்லை, அதற்குக் காரணம் நீ அனுப்பிய வீடியோ. கைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். என் கைபேசியை என்னைவிட உன் அக்காதான் அதிகம் பார்க்கிறாள்.

வரும் சனிக்கிழமை அவளுடைய எழுபதாம் பிறந்தநாள் விருந்தில் காட்ட நான் ரகசியமாக ஒரு படம் தொகுத்து வருவது உனக்குத் தெரியும். நாற்பத்துநான்கு வீடியோக்களில் நாற்பத்துமூன்று கணினி நிரலுக்குள் சமர்த்தாகப் போயின. உன்னுடையது மட்டும் "இந்தக் கோப்பைச் சேர்க்க இயலவில்லை" என்று வாசலிலேயே நின்றுவிட்டது. அதுதானே முக்கியம்! நாலாவதும் பெண்ணாகப் பிறந்த கோபத்தில் உன் அக்காவுக்குப் 'பெண் போதும்' என்று அர்த்தம் வரும்படி மால்சுன் என்று பெயர் வைத்தார் உன் அப்பா. அடுத்த வருஷமே நீ பிறந்தாய், பெயர் வேலை செய்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். அவள் அறுபது வருஷம் அதைச் சுமந்துவிட்டு யுன்சோ என்று மாற்றிக்கொண்டபோது, "நான் வெச்சதுதான் பேரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மனிதர் சாவதற்கு முன் கடைசி மாதத்தில் புதுப்பெயரைச் சொன்னார் என்றும், அதை நீ பிடித்து வைத்திருக்கிறாய் என்றும் போன வாரம்தான் சொல்கிறாய். எனக்குத் தூக்கம் வருமா?

கோப்பின் பெயரைப் பார்த்தேன். 'மால்சுன்' என்று போட்டிருக்கிறாய். வட்ட அலுவலகத்தில் முப்பது வருஷம் பெயர் மாற்றங்களைப் பதிவேட்டில் ஏற்றியவன் நான், கோளாறு பெயரில்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. சந்தையில் பெயர் பார்க்கும் பெரியவரிடம் போனேன். அவர் பிறந்த நேரம் கேட்டார், வீடியோ எடுத்த நேரத்தைச் சொன்னேன். எழுத்தின் கோடுகளை எண்ணி நல்ல பெயர் ஒன்று கொடுத்தார். மாற்றினேன். அப்போதும் உள்ளே வரவில்லை. கூட இருப்பவர்களின் பெயர் சரியில்லையோ என்று மற்ற நாற்பத்துமூன்றுக்கும் ராசியான பெயர்களை வைத்தேன். அவ்வளவுதான், படம் முழுக்கச் சிவப்பாகி, ஒரு வீடியோவையும் காணோம் என்றது நிரல்.

கீழ்வீட்டில் கல்யாண வீடியோ எடுக்கும் தாக் அம்மாளைக் கூட்டி வந்தேன். பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏன் சார், ஒருத்தன் பேரை மாத்திக்கிட்டு ஆபீஸ்ல சொல்லாம இருந்தா, அவனை எப்படித் தேடுவீங்க?"

"பதிவேட்டுல இருக்கற பழைய பேர்லதான்."

"இதுவும் அதேதான். வீடியோவை இது உள்ள வாங்கி வெச்சுக்கல. பேரும் விலாசமும்தான் குறிச்சு வெச்சிருக்கு. நீங்க ராத்திரியோட ராத்திரியா ஊரையே பேர் மாத்திட்டீங்க!"

முப்பது வருஷ உத்தியோகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நல்லவேளை, பழைய பெயர், புதுப் பெயர் என்று பட்டியல் எழுதி வைத்திருந்தேன், முத்திரை குத்தாததுதான் பாக்கி. எல்லாவற்றுக்கும் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்ததும் நாற்பத்துமூன்றும் வீடு திரும்பின. உன்னுடையதற்குக் கோளாறு பெயரில் இல்லையாம். உன் கைபேசி புதுமாதிரிப் பதிவு, என் நிரலோ கிழடு, அதற்குத் தெரிந்த வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கணுமாம். மாற்றும் வழியைக் காட்டிவிட்டு, "பழசு மேல மட்டும் சேமிச்சுடாதீங்க சார்" என்று படியிறங்கினாள். நான் பழசு மேலேயே சேமித்தேன். இப்போது உன் அப்பா திரையில் வருகிறார், வாயை அசைக்கிறார், சத்தம் இல்லை. மருமகன் என்று என்னிடம் அவர் பேசியதும் அவ்வளவுதான் என்றாலும், இந்த ஒரு வார்த்தை எனக்கு வேண்டும். உன் கைபேசியில் இருப்பதை அழித்துவிடாதே. வெள்ளிக்கிழமையே அதோடு வந்துவிடு. புளிக்கவைத்த திருக்கை மீன் கொண்டுவந்தால் மூன்று உறை போட்டுக் கட்டு, போன தடவை நாற்றத்தில் பேருந்தே இறங்கி ஓடிற்று. உன் அக்காவிடம் மூச்சு விடாதே.

உன் மனைவிக்கு என் வணக்கம். உன் வீட்டில் அரிசியும் நிம்மதியும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் தோக்சு

பின்குறிப்பு: உன் விலாசத்தில் கதவு எண் மறந்துபோய் உன் அக்காவிடம் கேட்டேன். உறையை வாங்கியவள் கடிதத்தையும் வாங்கிவிட்டாள். அடுத்து அவள் யாருக்குப் போன் போட்டாள் என்பது உனக்கே தெரியும். நீ அனுப்பியது அவள் கைபேசியில் ஒரு தட்டில் திறந்தது. "யுன்சோ... யுன்சோ... சரியாச் சொல்றேனாடா?" என்று உன்னைக் கேட்கிறார் கிழவர். நாங்கள் இருவரும் அழுதோம். சனிக்கிழமை இது ஒன்று போதுமாம், என் நாற்பத்துமூன்றும் தேவையில்லையாம். கோப்புக்காவது யுன்சோ என்று பெயர் மாற்றட்டுமா என்றேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மால்சுன்னே இருக்கட்டும்ங்க. அவர் கூப்பிட்டது அவளைத்தானே."