சோளத்தைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடுங்கள்

ஹார்லன் கிராசிங், நெப்ராஸ்கா.
புதன்கிழமை, காலைக் காபிக்கு முன்.

மாண்புமிகு பிரதிநிதிகள் சபை உறுப்பினர் வார்டு கிரென்வில் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தொகுதிவாசியும், தேர்தல் தவறாமல் வாக்களிப்பவனும் (எப்போதும் தங்களுக்கே என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்), தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுமாகிய லெனார்ட் வாவ்ரா மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் துணைவியாரும், தாங்கள் அனுப்பும் செய்திமடலில் தவறாமல் தங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பழுப்பு நாயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை தாங்கள் எங்கள் ஊர்த் தபாலாபீஸுக்கு நேரில் வந்து, 'தொகுதியின் அக்கறையுள்ள குடிமகன்' என்று எனக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்து, என் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளப் போவதாகத் தங்கள் அலுவலகத்துப் பெண் நேற்று போனில் சொன்னாள். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து வராதீர்கள். ஏன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் டார்லீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை, ஆகவே இந்தக் கடிதத்தைத் தாங்களே படித்துவிட்டு அடுப்பில் போடவும், போனில் பேசிய பெண்ணிடம் கொடுக்க வேண்டாம், அவள் நல்ல பெண்தான், ஆனால் நிறையச் சிரிக்கிறாள்.

டார்லீன் செட்லாசெக் எங்கள் ஊர்த் தபாலாபீஸை நடத்துகிறவள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்து தபால் தருவதில்லை. அவரவர் பேரில் தபாலாபீஸ் சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அவரவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி இர்மா இறந்துபோன பிறகு நான் தினமும் காலையில் அங்கே போகிறேன். பெட்டியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஈஸ்டர் முடிந்த வாரத்தில் தபால் துறை மேலிடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அறுவடைக் காலத்தில் வந்து சில வாரம் உட்கார்ந்து எண்ணுவோம், போதுமான தபால் நடமாட்டம் இல்லையென்றால் இதைப் பூட்டிவிட்டுப் பெட்டிகளைக் கெல்சி நகரத்துக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கெல்சி போக வேண்டுமானால் காரில் முக்கால் மணி நேரம். அவர்கள் போன பிறகு டார்லீன் என்னைப் பார்த்து, "காபி ஊத்தட்டுமா லெனார்ட்?" என்றாள், அவ்வளவுதான். எங்கள் ஊரில் அழுகை வந்தால் காபி ஊற்றுவோம். அன்று அவள் என் கோப்பை வழிகிற வரைக்கும் ஊற்றினாள்.

அன்றைக்கே நான் முடிவு செய்தேன், நடமாட்டம்தானே வேண்டும், நான் உண்டாக்குகிறேன் என்று. ஆனால் யாருக்கு எழுதுவது? என் மகன் ஒமாஹாவில் இருக்கிறான், கடிதம் போட்டால் பயந்துபோய் போன் பண்ணி, "அப்பா, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பான். சகோதரர்கள் இல்லை. சபை போதகர் எதிர்வீட்டில் இருக்கிறார். யோசித்துப் பார்த்ததில், தினமும் கடிதம் போட்டாலும் வாங்கித்தான் தீர வேண்டும், திருப்பி அனுப்ப முடியாது என்ற கட்டாயத்தில் இருக்கிற ஒரே மனிதர் தாங்கள்தான். அப்படித்தான் நான் தேசத்தைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்தேன். இரவு டி.வி. செய்தியில் எது வருகிறதோ அது மறுநாள் என் கவலை. அணுக்கழிவு, சந்திரனுக்கு ராக்கெட், சீனாவோடு வியாபாரம், வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்புவது, திமிங்கிலம். திமிங்கிலத்தைப் பற்றி மட்டும் பல கடிதம் எழுதினேன். எங்களுக்கு மிக அருகில் இருக்கிற தண்ணீர் கென்னி வீட்டு மாட்டுக்குட்டை. ஒரே விஷயத்தை ஒரே மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் பைத்தியம் என்று நினைத்துவிடுவீர்களே என்று ஒருநாள் ஆதரித்தும் மறுநாள் எதிர்த்தும் எழுதினேன். எந்தப் பக்கமானாலும் தபால்தலை ஒன்றுதானே.

தாங்களும் சளைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. 'தங்கள் கவலை என் கவலையும்கூட' என்று திமிங்கிலத்தைக் காப்பாற்றச் சொன்னதற்கும் வந்தது, திமிங்கிலம் எப்படிப் போனால் நமக்கென்ன என்று கேட்டதற்கும் அதே வரி வந்தது. ஒருவேளை தாங்களும் என்னைப் போலத்தானோ என்று நினைத்துக்கொண்டேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டார்லீன் அந்த உறைகளைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "உங்க ஆளு எழுதியிருக்காரு!" என்பாள். நான் அங்கேயே பிரித்து அவளுக்குப் படித்துக் காட்டுவேன். "இவ்வளவு விஷயம் உங்களுக்குத் தெரியும்னு நான் நெனைக்கவேயில்ல" என்றும் ஒருநாள் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய் இர்மாவின் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன், பிறகு வெட்கப்பட்டு மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் தாங்கள் கெல்சி பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் மக்கள் சந்திப்புக் கூட்டம் போட்டீர்கள். நானும் போயிருந்தேன், கடைசி வரிசை. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "நம்ம தொகுதியில சிந்திக்கிற ஜனங்க இருக்காங்க, ஹார்லன் கிராசிங்லேருந்து லெனார்ட் வாவ்ரான்னு ஒருத்தர் எனக்கு தினமும் எழுதுறாரு" என்று ஆரம்பித்தீர்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வாக்கியத்தில் என்னைத் தொலைத்தீர்கள். "சோளத்துலேருந்து எடுக்கிற எத்தனாலுக்கு அரசாங்கம் தர்ற சலுகை எல்லாத்தையும் நிறுத்தணும்னு தைரியமா எழுதியிருக்காரு!" ஐயா, நான் அதற்கு முந்தின நாள், அந்தச் சலுகையை இரண்டு மடங்காக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தேனே! எத்தனையோ கடிதம் இருக்க, அதைத்தானா எடுக்க வேண்டும்? அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் சோளம் போடாதவர்கள் தாங்களும் நானும் கூடைப்பந்து வளையமும் மட்டுமே. அத்தனை தொப்பிகளும் என் பக்கம் திரும்பின. பக்கத்து நாற்காலியில் டுவெய்ன், டார்லீனின் அண்ணன், பேர் பெற்ற சோளக்காரன். அவன் மெதுவாக, "ஏன் லெனார்ட், இந்தப் பக்கத்துல வேற லெனார்ட் வாவ்ரா யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். நான், "தெரியல டுவெய்ன், விசாரிச்சுப் பாக்குறேன்" என்றேன்.

எங்கள் ஜனங்களைத் தங்களுக்குத் தெரியும், மூஞ்சிக்கு நேரே ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்ல மாட்டார்கள், சொல்லித் தொலைத்தால் தேவலை. மறுநாள் பெட்ரோல் பங்க் காபி மேசைக்குப் போனேன். அங்கே தினமும் தாயக்கட்டை உருட்டி, தோற்றவன் எல்லோருக்கும் காபி வாங்க வேண்டும் என்பது வழக்கம். அன்று கட்டை உருட்டும் குவளை என்னைத் தாண்டிப் போய்விட்டது. நான் உருட்டாமலே என் காபிக்கும் சேர்த்து அவர்களே கொடுத்துவிட்டார்கள். யாரோ வெளியூர்க்காரனுக்குச் செய்கிற மரியாதை அது. சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கை விடாமல் இரண்டு விரல் தூக்கி வணக்கம் சொல்வது எங்கள் பழக்கம், இப்போது எவன் விரலும் எழுவதில்லை, நான் மட்டும் தூக்கிக்கொண்டே போகிறேன். அதுவும் போதாதென்று, தாங்கள் பேசியது பத்திரிகையிலும் வந்துவிட்டதால் தொகுதி முழுவதிலுமிருந்து என்னைத் திட்டிக் கடிதங்கள். எங்கள் ஊருக்குத் தெரு, இலக்கம் ஒன்றும் தேவையில்லை, பேரும் ஊரும் போட்டாலே வந்துவிடும். பெட்டிக் கதவு மூடவில்லை. டார்லீன் பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறாள். நான் ஒன்றையும் பிரிக்கவில்லை, பயம்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். திங்கட்கிழமை அவள் தபால்தலையைக் கிழித்துத் தரும்போது என் முகத்தைப் பார்க்காமல், "சோளத்தைப் பத்தி நீங்க அப்படியா எழுதினீங்க லெனார்ட்?" என்றாள். அவள் பிறந்ததும் வளர்ந்ததும் சோளத்தில்தான். மேலிடத்து ஆட்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். 'உன் ஆபீஸைக் காப்பாற்றத்தான் எழுதினேன்' என்று சொன்னால் அவர்கள் காதில் விழும், எல்லாம் போலித் தபால் என்று என் கடிதங்களைக் கணக்கிலிருந்து தள்ளிவிடுவார்கள், பூட்டுப் போட்டுவிடுவார்கள். ஆகவே, "ஆமா, நாட்டு நன்மைக்காக" என்றேன். அவள் காபி ஊற்றவில்லை. இப்போது தாங்களும் வெள்ளிக்கிழமை வந்து அவள் ஜன்னல் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தால் என் கதை முடிந்தது. டுவெய்னும் கூட்டாளிகளும் அறுவடையை நிறுத்திவிட்டு எந்திரங்களோடு வந்து தெருவை அடைக்கப் போவதாகப் பேச்சு. எங்கள் ஊரில் சாவுக்குக்கூட அறுவடையை நிறுத்தியதில்லை, ஐயா.

ஆகவே என் விண்ணப்பம்: தாங்கள் வரக் கூடாது. இனி எனக்குப் பதில் எதுவும் போடக் கூடாது. என் பெயரைத் தங்கள் முகவரிப் புத்தகத்திலிருந்து அடித்துவிட வேண்டும். சோளம், திமிங்கிலம், சந்திரன், சீனா பற்றி நான் எழுதியதெல்லாம் பொய், ஆதரித்ததும் பொய், எதிர்த்ததும் பொய். நான் உண்மையில் கேட்க நினைத்தது ஒன்றுதான், அதை ஒருநாள்கூட எழுதவில்லை: எங்கள் தபாலாபீஸை மூட விடாதீர்கள். இர்மா போன பிறகு ஒரு நாளில் என் பெயரைச் சொல்லி ஒரு குரல் கூப்பிடுகிறதென்றால் அது அங்கே மட்டும்தான். அது போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

தங்கள் ஆரோக்கியம் ஓங்கவும், தங்கள் துணைவியாரின் முழங்கால் குணமாகவும் (செய்திமடலில் படித்தேன்), நாய்க்கு நீண்ட ஆயுள் கிட்டவும் கடவுளை வேண்டிக்கொண்டு இத்துடன் எல்லாக் கடிதங்களையும் நிறுத்திக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
லெனார்ட் வாவ்ரா

பின்குறிப்பு: கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும், இந்தப் பின்குறிப்பைத் தபாலாபீஸ் மேசையில் நின்றுகொண்டு, சங்கிலியில் கட்டிய பேனாவால் எழுதுகிறேன், சங்கிலி எட்டவில்லை. உறையை ஒட்டுவதற்கு முன்னால் டார்லீன், "இன்னிக்கு எந்தப் பக்கம் லெனார்ட், ஆதரவா எதிர்ப்பா?" என்று கேட்டுவிட்டாள். பிறகு அவளே சொன்னாள், "கடலே இல்லாத நெப்ராஸ்காவுல உக்காந்துக்கிட்டு ஒரு மனுஷன் திமிங்கிலத்துக்காகத் தெனம் தெனம் தபால்தலை வாங்குறான்னா, எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? ஆனா அன்னைக்கு நாட்டு நன்மைக்குன்னு சொன்னீங்க பாருங்க, அப்போதான் கொஞ்சம் கோவம் வந்துச்சு." மேலிடத்து ஆட்கள் நேற்று மாலையே எண்ணி முடித்துக் கிளம்பிவிட்டார்களாம். அப்புறம் அவள் சொன்னாள், "நீங்க அனுப்புனதை அவங்க எண்ணவே இல்ல. இங்க வந்து பெட்டியில விழுறதைத்தான் எண்ணுனாங்க." ஆறு மாதம் நான் தேசத்துக்காகக் கவலைப்பட்டதெல்லாம் வீண். அப்போது அவள் பிளாஸ்டிக் தொட்டிகளைக் காட்டினாள். "உங்களைத் திட்டி வந்ததுதான் இந்த ஆபீஸைக் காப்பாத்திருச்சு!" என்றாள், காபி ஊற்றினாள், வழிகிற வரைக்கும். இரண்டு பேரும் சேர்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறோம், அவள் உரக்கப் படிக்கிறாள். டுவெய்னுடையதும் ஒன்று இருக்கிறது. தெருவைத் தாண்டி வந்து சொல்ல முடியாமல் தபால்தலை ஒட்டிப் போட்டிருக்கிறான்: 'நீ ஒரு முட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோழி விருந்துக்கு வந்து சேர்.' ஆனால் வசந்த காலத்தில் மறுபடி எண்ண வருவார்களாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், அடுத்த கூட்டத்திலும் என் பெயரைச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லும்படி டார்லீன் கேட்டுக்கொள்கிறாள். இந்தத் தொகுதியில் சோளம் போடாதவன் மாடு வளர்க்கிறான், ஆகவே மாட்டிறைச்சியைப் பற்றி நாளை எழுதுகிறேன். எதிர்ப்புதான்.