ஜீப்புக்குப் புருவம் வைத்தவர்

உலகத்தில் எத்தனையோ பேர் எதற்கெதற்கோ அழுதிருக்கிறார்கள். ஒரு ஜீப்புக்குப் புருவம் இல்லையே என்று அழுத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார்.

இலங்கை மலைநாட்டில் கந்தப்பளைக்கு மேலே, பாதி நாள் மேகத்துக்கு உள்ளேயும் மீதி நாள் மேகத்துக்கு அடியிலும் கிடக்கும் தோட்டம் எங்களுடையது. நான் அங்கே பெரிய கிளாக்கர். அவர் தேயிலைத் தொழிற்சாலையின் கூரைக்குத் தகரம் அடிப்பவர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் புத்தகத்தில் எத்தனையோ தடவை என் கையாலேயே எழுதியிருப்பேன். இப்போது நினைவில் இல்லை. எல்லோருக்கும் அவர் புருவக்காரர்.

கண் மாதிரி எது தெரிந்தாலும் அதற்கு மேலே ஒரு தகரத்தை வளைத்து அடித்துவிடுவார். ஆபீஸ் ஜன்னலுக்கு அடித்தார். கொழுந்து நிறுக்கும் தராசின் முகத்துக்கு அடித்தார். தபால் பெட்டிக்கும் அடித்தார். "அது கண் இல்லையய்யா, வாய்" என்றேன். "அப்ப மீசைன்னு வச்சிக்குங்க" என்றார். மேனேஜர் துரை வீட்டு நாய்க்கூண்டுக்குப் புருவம் வைத்ததும், அந்த நாய் ஒரு வாரம் தன் கூண்டைப் பார்த்தே குரைத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவர் கண்ணில்தான் தோட்டத்து ஜீப் பட்டது.

எங்கள் மண் பாதை மழைக்காலத்தில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். சறுக்கலுக்குப் பயந்து துரை எங்கிருந்தோ பட்டாளத்து லொறிக்குப் போடும் அகலமான டயர்கள் நான்கை வரவழைத்து ஜீப்புக்கு மாட்டினார். சறுக்கல் நின்றது. ஆனால் டயர்கள் மட்கார்டுக்கு வெளியே நான்கு விரல் நீட்டிக்கொண்டு நின்றன. ஜீப் ஓடினால் நான்கு பக்கமும் சேறு வாரி அடிக்கும். பாதை ஓரத்தில் நிற்பவர்கள் செம்மண் சிலைகளாகிவிடுவார்கள். முன் கண்ணாடியிலும் சேறுதான். டிரைவர் பண்டா, நல்ல சிங்கள மனுஷர், நூறு யார் தூரத்துக்கு ஒரு தடவை இறங்கித் தன் சாரத்தால் கண்ணாடியைத் துடைப்பார். "அனே கிளாக்கர் மாத்தயா, நான் டிரைவர் இல்ல, டோபி" என்பார்.

ஒரு நாள் ஆபீஸ் வாசலில் நின்ற ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் புருவக்காரர். பனி இறங்கி, தேயிலையும் பாதையும் ஒன்றாகக் கலந்துகொண்டிருந்த நேரம். போய்ப் பார்த்தால் அவர் கண்ணில் தண்ணீர்.

"ஐயா, பாருங்க. புருவமும் இல்ல, இமையும் இல்ல. முழிச்ச கண்ணு முழிச்சபடியே ஓடுது. பாவமா இல்லீங்களா?"

"எது கண்?"

"சக்கரந்தானுங்க."

"நாலு இருக்கேய்யா."

"முன்னுக்கு உள்ள ரெண்டும் பாக்குது. பின்னுக்கு உள்ள ரெண்டும் பாத்தத நெனச்சிக்கிட்டு வருது."

துரையிடம் சொல்லி உத்தரவு வாங்கிக் கொடுத்தேன்.

முதல் புருவங்களை மண்ணெண்ணெய்த் தகரத்தில் செய்தார். மட்கார்டின் வளைவை அளவெடுக்க என் சுவரிலிருந்த லட்சுமி படக் கலண்டரைக் கழற்றிப்போய் வெட்டினார். லட்சுமியை மட்டும் வெட்டாமல் சுற்றி வெட்டியதால், பின் புருவம் ஒன்று தாமரைப்பூ இருந்த இடத்தில் கொஞ்சம் உப்பியிருந்தது. துரை வந்து ஏறினார். துரை நல்ல கனமான ஆள். அவர் உட்கார்ந்ததும் ஜீப் பதிந்தது. முதல் திருப்பத்திலேயே டயர் தகரத்தைக் கவ்வி, 'கிரீச்'சென்று உரித்து, தேயிலைச் செடிகளுக்கு மேலே பறக்கவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ராமாயி, "ஆத்தாடி, துரை வண்டி தோலு உரிக்குதுடி!" என்று கத்தியது அடுத்த மலைக்குக் கேட்டதாம்.

தவறு எங்கே என்று புருவக்காரர் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் வந்தார்.

"நிக்கிற வண்டிய அளந்துட்டேங்கய்யா. ஒருத்தன் தூங்கையில அவனுக்குச் சட்டை தச்ச மாதிரி. வண்டி பாரம் தாங்கி மூச்சு விடையில அளக்கணும்."

மாலையில் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு முன்னால் ஜீப்பைக் கொண்டுவரச் செய்தார். ராமாயியையும் அவளுடைய கூட்டாளிகள் ஏழு பேரையும் நிறைந்த கூடைகளோடு ஏறச் சொன்னார்.

"யோவ், எங்கள என்ன உருளக்கெழங்கு மூட்டைன்னு நெனச்சியா?" என்றாள் ராமாயி.

"மூட்டை சும்மா கெடக்கும் தாயி. நீங்க சிரிப்பீங்க, சண்டை புடிப்பீங்க, அசைவீங்க. எனக்கு அந்த அசைவு வேணும்."

எட்டுப் பேரும் ஏறினார்கள். மூன்று பேர் உள்ளே இடப்பக்கம், மூன்று பேர் வலப்பக்கம், இரண்டு பேர் பின் பம்பரில். முன் சக்கரம் ஒன்றைக் கல்மேல் ஏற்றி, பண்டாவை ஸ்டியரிங் வளையத்தை இடமும் வலமும் முழுக்க ஒடிக்கச் சொல்லிவிட்டு, புருவக்காரர் சேற்றில் மல்லாந்து படுத்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டார். "என் நாலு விரல் போகணும். இழுங்க மூச்ச... விடுங்க. இழுங்க... யாரு விடல? ராமாயி, நீ விடு." ராமாயி விட்ட மூச்சில் ஜீப் ஒரு விரல் இறங்கியதென்று அவர் கடைசிவரை சாதித்தார்.

இந்தத் தடவை தார் பீப்பாயைப் பிளந்து, கனமான தகட்டில் நான்கு புருவங்கள் செய்தார். ஓரத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். போல்ட் போட ஜீப்பின் மட்கார்டில் துளையிட வேண்டும். துளைக்கருவியைக் கையில் எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஜீப்புக்குத் தாய்மாமன் யாருங்க?"

"தாய்மாமனா?" என்றார் பண்டா.

"காதுகுத்துங்கய்யா இது. தாய்மாமன் மடியில வைக்காம எப்பிடிக் குத்துறது?" சுற்றிலும் பார்த்தார். "பண்டா அண்ணன் பெத்தவரு மாதிரி. துரை பெரியப்பா. அப்ப மாமன் நீங்கதான்."

"ஜீப்பை நான் மடியில் வைக்கவா?"

"வேணாங்க. உள்ள ஏறி வளையத்தப் புடிச்சிக்கிட்டு உக்காருங்க, போதும்."

உட்கார்ந்தேன். படித்த மனிதன், கழுத்தில் டை கட்டியவன், பெரிய கிளாக்கர், வளையத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு துளைக்கும் ஜீப் லேசாக நடுங்கியது. காது பழுக்கக் கூடாது என்று ஒவ்வொரு துளையிலும் மஞ்சளை எண்ணெயில் குழைத்துத் தடவினார். எல்லாம் முடிந்ததும், தாய்மாமன் சீர் கேட்டார்கள் பெண்கள். வீட்டிலிருந்து ஒரு துண்டை வரவழைத்து ஜீப்பின் மூக்கில் கட்டினேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது; பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் அதைப் பார்த்து, கை தட்டித் தட்டிச் சிரித்தாள்.

இத்தனை வருஷமாகியும் அவள் இருமினால் நான் எழுந்து நின்றுவிடுவேன். இந்தப் பயம் எனக்கு வந்தது அந்த ஆடி மாதத்தில்தான்.

நான்கு நாளாக விடாத மழை. காலையில் பாப்பா வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். தோட்டத்து டிஸ்பென்சர் வந்து வலப்பக்க அடிவயிற்றைத் தொட்டார், அவள் அலறினாள். அவர் முகம் மாறியது. "குடல்வால்ங்க. உடனே நுவரெலியாவுக்குக் கொண்டு போங்க. வெடிச்சிட்டா ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார். டவுனிலிருந்து வண்டி ஏதும் மேலே ஏறி வர முடியாது. துரை ஜீப்பைக் கொடுத்தார். முன்னால் மனைவி மடியில் பிள்ளை, பின்னால் நான். பண்டா வண்டியை எடுத்தார்.

ஓடைத் திருப்பத்தில் மேட்டுக்கரை சரிந்து, பாதைமேல் முழங்கால் அளவு சேறு. ஜீப் அதில் இறங்கியதும் பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. வண்டி மெல்ல மெல்லப் பள்ளத்துப் பக்கம் நகர்ந்தது. பண்டா நிறுத்திவிட்டார்.

"மாத்தயா, பின்னுக்கு பாரம் இல்ல. பாரம் இல்லாம டயர் புடிக்காது."

பாப்பா அழுகையை நிறுத்தியிருந்தாள். அழுததைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பனிக்குள்ளிருந்து முதலில் குரல்தான் வந்தது. "அது கிளாக்கரையா பிள்ளைடி!" கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஈரக் கொழுந்து நிறைந்த கூடைகளோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், ராமாயியும் கூட்டாளிகளும். முன்னால் புருவக்காரர். சரிவைப் பார்க்க வந்தவராம்.

அவர் ஜீப்பைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். "தாயி, அன்னிக்கி மாதிரியே" என்றார். அவ்வளவுதான்.

யார் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் இடப்பக்கம், மூன்று பேர் வலப்பக்கம், இரண்டு பேர் பம்பரில். அளவெடுத்த நாளில் எங்கே இருந்தார்களோ அதே இடம். ஜீப் பதிந்தது. டயர் சேற்றைக் கவ்வியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு அந்தக் 'கிரீச்' சத்தத்துக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. வாரி அடித்த சேறெல்லாம் புருவங்களின் அடியில் கூரைமேல் மழை விழுவது மாதிரி தடதடவென்று பட்டுக் கீழே விழுந்தது. முன் கண்ணாடியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. புருவக்காரர் பின் புருவத்தில் உள்ளங்கையை வைத்தபடி, இடுப்பளவு சேறு தெறிக்க, கூடவே நடந்து வந்தார். "பாத்துடா, பாத்து... அப்பிடித்தான் ராசா, அப்பிடித்தான்..." பாப்பாவிடம் சொல்கிறார் என்று நினைத்தேன். ஜீப்பிடம்.

கெட்டித் தரை வந்ததும் எட்டுப் பேரும் குதித்தார்கள். ராமாயி ஓடி வந்து பிள்ளையின் காலைத் தொட்டு, "போ தாயி, போயிட்டு வா" என்றாள். திரும்பிப் பார்த்தேன். மேகம் அவர்களை மூடிவிட்டது. நடந்து வந்து நின்ற பாறைகள்போல ஒன்பது உருவங்கள் ஒரு கணம் தெரிந்தன.

அன்று மத்தியானமே அறுத்து எடுத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் புருவக்காரர் நடந்தே நுவரெலியாவுக்கு வந்தார், வேட்டி முழங்கால்வரை சேறாக. கட்டிலருகே வந்து நின்று, பிள்ளையை நேரே பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கட்டில் கால்களைப் பார்த்தார்.

"நான் அன்னிக்கே நெனச்சேங்க. அவன் விட்டுக்குடுக்க மாட்டான்னு."

"எவன்?" என்றாள் என் மனைவி.

"ஜீப்புதாம்மா. ஐயா அதுக்குத் தாய்மாமன். அப்ப பாப்பா அவனுக்கு மொறைப்பொண்ணுல்ல? எவனாச்சும் மாமன் மகள ஆத்துல விடுவானா? ஆனா ஒண்ணு. நாளைக்குப் பிள்ளைக்கு மாப்பிள்ள பாக்கையில, இவன ஒரு வார்த்தை கேக்காம செய்யக் கூடாது. மொறை மொறைதானுங்க."

"என் மகளை ஜீப்புக்குக் குடுக்கவா?" என்று மூன்று நாளைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள் என் மனைவி. சிரித்தபடியே அழுதாள். பாப்பா, தையல் வலிக்கும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

சில வருஷங்களில், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, புருவக்காரருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. கப்பலேறி அக்கரைக்குப் போய்விட்டார். கண்டியிலிருந்து ரயில் ஏறுமுன் ஸ்டேசன் விளக்கைப் பார்த்து, "ஒரு தகரம் வச்சா நல்லாயிருக்கும்" என்று சொன்னதாகக் கேள்வி. போன இடத்தில் எந்த ஊர், என்ன விலாசம், யாருக்கும் தெரியவில்லை. ஜீப்பும் ஓய்ந்துவிட்டது. தொழிற்சாலைக்குப் பின்னால், டயர் இல்லாமல், பாதி பாசியாக நிற்கிறது. புருவங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மஞ்சள் தடவிய துளைகளில் துருவில்லை.

போன வாரம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பூண்டுலோயாப் பக்கம், பள்ளிக்கூட ஆசிரியர், அமைதியான பையன். அவர்கள் வருவதற்கு முன் காலையில், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு நான் தொழிற்சாலைக்குப் பின்னால் போனேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பின்னால் வந்து நின்றாள் மகள். சிரிக்கவில்லை. நான் ஜீப்பின் மூக்கில் துண்டைக் கட்டினேன். அவள் முன் புருவத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பனி இறங்கியது. புருவத்தின் நுனியில் ஒரு துளி திரண்டு, விழாமல் நின்றது.

இந்தப் பத்திரிகை அக்கரைக்கும் போகிறது என்று சொல்கிறார்கள். திருச்சிப் பக்கமோ மதுரைப் பக்கமோ, எங்காவது ஒரு வண்டி தேவையில்லாத புருவத்தோடு போவதைக் கண்டால், அதை வைத்தவரைத் தேடிப்பிடித்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். முறைப்படி கேட்டுவிட்டோம் என்று. பிள்ளை நல்லாயிருக்கு என்று.