காலஞ்சென்ற பனித்துளி எழுதும் தொடர்கதை

"ஞாயிற்றுக்கிழமை காலை சரியாகப் பத்து மணிக்கு உங்களைப் பெண் கேட்டு வருகிறேன்" என்று அந்தக் கடிதம் முடிந்திருந்தது. படித்ததும் டோக்கனுக்கு மீசையெல்லாம் வியர்த்தது.

பெண் கேட்கப்பட்டவர் அவர்தான்.

பல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பது அவர் வேலை. அதனால் ஊர் வைத்த பெயரும் அதுவே. ஆனால் பெண்கள் வாரப் பத்திரிகையில் மூன்று வருடமாகக் காதல் தொடர்கதை எழுதிவரும் 'பனித்துளி'யும் அவர்தான். ஆண்கள் எழுதினால் அந்தப் பத்திரிகையில் போட மாட்டார்கள். ரகசியம் தெரிந்தவர்கள் அவர், மனைவி, மாமியார், மூன்றே பேர்.

வீங்கிய கன்னத்தில் கை வைத்துக் காத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துத்தான் அவர் கதாநாயகிகளைப் படைப்பார். ஆகவே அவருடைய கதாநாயகிகள் எல்லாரும் கன்னத்தில் கை வைத்தபடியே காதலித்தார்கள். டோக்கன் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, வெள்ளிக்கிழமையானால் கட்டாகக் கட்டி மாமியாரிடம் கொடுப்பார். மாமியார் கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் விவாகரத்து மனுக்களைத் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அடித்து, உறையிலிட்டு, தபாலில் சேர்ப்பது வரை அவர் பொறுப்பு. அச்சில் வந்ததை டோக்கன் படிப்பதே கிடையாது. எழுதியதைத் திரும்பிப் பார்ப்பது சின்ன எழுத்தாளர்களின் வேலை என்பது அவர் எண்ணம். மனைவி படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினால் போதும், அவருக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவாது.

ஒரே ஒரு குறை. தொடர் முடிந்ததும் புத்தகமாக வரப் போகிறது. அட்டையில் பனித்துளி என்றுதான் இருக்கும். தன் சொந்தப் பெயர் அட்டையில், தன் படம் பின்னட்டையில் என்று அவர் கனவு கண்டு வருடக்கணக்காகிறது. கடிதத்தை மடிக்கும்போதுதான் யோசனை வந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

பத்திரிகைக்கு ஃபோன் போட்டார். குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார்.

"பனித்துளியோட தம்பி பேசறேன்மா. அக்கா நேத்து தவறிட்டாங்க."

"ஐயோ!" என்றார் ஆசிரியர் அம்மாள். "இன்னும் மூணு அத்தியாயம் பாக்கி இருக்கே!"

"கதை பூரா என்கிட்ட சொல்லியிருக்காங்க. நானே எழுதி முடிச்சுடறேன். என் பேர்ல. செத்தவங்களுக்காக இந்த ஒரு தடவை ஆம்பளை பேரைப் போடக் கூடாதாம்மா?"

அடுத்த இதழில் கறுப்புக் கட்டம் போட்டு அஞ்சலி வந்தது. மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் கத்தி நின்றது.

"செத்துட்டாளா?"

"வேற வழியில்லை அத்தை. இனிமே உங்களுக்கும் சிரமம் வேண்டாம். மிச்சத்தை நானே கையால எழுதி அனுப்பிக்கறேன்."

மாமியார் அவரையே பார்த்தார். பிறகு கத்தி மறுபடி நறுக்க ஆரம்பித்தது.

ஞாயிறு காலை சரியாகப் பத்துக்கு, துக்கம் கேட்க, வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பூவுமாகக் கடிதக்காரர் வந்தார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், பனித்துளியின் விலாசத்தைப் பத்திரிகையில் கேட்டு வாங்கிய வாசகர். டோக்கன் கைகூப்பி அனுப்பி வைத்தார். மனுஷர் போகவில்லை. எதிர்ச் சாரியில் நின்றுகொண்டார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள் டோக்கன் வேலைக்குக் கிளம்பும்போது ஸ்டேஷன் மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவங்க போகலை. நேத்து மத்தியானம் அந்த மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால உட்கார்ந்திருந்தாங்க. தலை குனிஞ்சிருந்துச்சு. விரல் மட்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு."

மாடி ஜன்னலோரம் இருப்பது தட்டச்சு இயந்திரம். டோக்கன் சிரிக்கப் பார்த்தார். வாய் ஒத்துழைக்கவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்கே ஃபோன் வந்தது; டோக்கன் பத்திரிகைக்கு நம்பர் மட்டும்தான் கொடுத்திருந்தார், எந்த இடம் என்று சொல்லவில்லை. எடுத்தால் ஆசிரியர் அம்மாள்.

"சார், உங்க அத்தியாயம் வந்துச்சு. நடை சரியில்லை, அதை விடுங்க. இன்னொரு அத்தியாயமும் வந்திருக்கு. உங்க அக்காகிட்டேருந்து."

"முன்னாடியே எழுதி வச்சிருப்பாங்க. யாராவது இப்போ போட்டிருப்பாங்க."

"தன் சாவுக்கு வந்த இரங்கல் கடிதங்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்காங்களே சார்!"

டாக்டரின் அறையில் இயந்திரம் ர்ர்ர் என்று யாருடைய பல்லையோ குடைந்தது. டோக்கனுக்குத் தன் முதுகெலும்பையே குடைவதுபோல் இருந்தது. பதினேழாம் நம்பர்க்காரருக்கு இரண்டு முறை டோக்கன் கொடுத்துவிட்டு, வயிற்று வலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடினார்.

மாடியில் யாருமில்லை. இயந்திரத்தின் மேல் எப்போதும் கிடக்கும் பூப்போட்ட துணி மடித்துத் தனியே வைக்கப்பட்டிருந்தது. நாற்காலியைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது.

"அத்தை!" என்று கத்திக்கொண்டே இறங்கினார். மாமியார் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஏதாவது டைப் அடிச்சீங்களா?"

"நீங்க எதுவும் குடுக்கலையே."

அதுவும் உண்மைதானே. காதல் கதையென்றால் உதட்டைச் சுழிக்கிற மனுஷி, பத்திரிகையை அலமாரித் தட்டில் விரித்து டப்பா அடுக்குகிறவர். அவரைப் போய்ச் சந்தேகப்படலாமா என்று டோக்கன் தன்னையே கடிந்துகொண்டார். மனைவி மட்டும் மூலையில் உட்கார்ந்து விசும்பினாள்.

"பாவங்க அவ. மூணு வருஷம் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருந்தா. ஒரு வார்த்தை கேட்காம சாகடிச்சுட்டீங்களே. சும்மா விடுவாளா?"

மறுநாள் இயந்திரத்திலிருந்து ரிப்பனைக் கழற்றி, பையில் போட்டு எடுத்துப்போய், ஆஸ்பத்திரி மேஜையில் வைத்துப் பூட்டினார். இனிமேல் எப்படி எழுதுவாள், பார்க்கலாம்.

அந்த வாரமும் எழுதினாள்.

"எழுத்தெல்லாம் நீலமா, புகை மாதிரி மங்கலா இருக்கு சார்" என்றார் ஆசிரியர் அம்மாள். "கதையில புதுசா ஒரு துரோகி வர்றான். கதாநாயகி செத்துட்டதாப் புரளி கிளப்பி அவ சொத்தை அமுக்கப் பார்க்கிறான். பல் டாக்டர் வாசல்ல உட்கார்ந்திருக்கானாம். நீங்க எங்க வேலை பார்க்கறீங்க சார்?"

டோக்கன் ஃபோனை வைத்துவிட்டார். கடைவாயில் சுருக்கென்று ஒரு வலி கிளம்பியது. இத்தனை வருடத்தில் அவருக்குப் பல்வலி வந்ததே இல்லை.

இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. புத்தகம் போனாலும் போகட்டும், ஆனால் மூன்று வருட எழுத்து தன்னுடையது என்பதையாவது நிலைநாட்டிவிட வேண்டும். அத்தனை டோக்கன் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு அட்டைப் பெட்டிகளில் அள்ளிப்போட்டுக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு பத்திரிகை அலுவலகத்தின் படியேறினார்.

"அம்மா, மன்னிச்சுடுங்க. எனக்கு அக்காவே கிடையாது. நான்தான் பனித்துளி. எல்லாம் நான் எழுதினது. இதோ, என் கையெழுத்து."

ஆசிரியர் அம்மாள் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். மூலையில் இருந்த பிழை திருத்தும் அம்மாளைக் கூப்பிட்டார். அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் படித்தார். ஒரு கட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது.

"சார், இந்தத் தொடர்ல ஒவ்வொரு வரியும் நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன்" என்றார் கடைசியில். "நம்ம கதாநாயகி ஒரு நாளும் கன்னத்துல கை வச்சதில்லை. இதுல இருக்கிற ஒரு வரியைக்கூட நாம அச்சடிச்சதில்லை."

"என்ன சொல்றீங்க? மூணு வருஷமா..."

"மூணு வருஷமா வேற யாரோ எழுதறாங்க சார். இப்போ வந்ததும் அவங்கதான். ரிப்பன் இல்லாம, கார்பன் பேப்பரை வச்சு அடிச்சிருக்காங்க. பழகின கை."

டோக்கன் சீட்டுகளை மறுபடி அள்ளிப்போட்டார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். தெருவில் வெயில் கொளுத்தியது, அவருக்கோ குளிரெடுத்தது. தான் எழுதியதெல்லாம் எங்கே போயிற்று? தன் மனைவி மூன்று வருடமாக யாருடைய வார்த்தைக்கு அழுதாள்? தான் யார் என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது.

எதிர்ச் சாரியில் ஸ்டேஷன் மாஸ்டர் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார். மேலிருந்து தட் தட் என்று சத்தம் கேட்டது. பட்டப்பகல் என்று தைரியம் சொல்லிக்கொண்டு டோக்கன் ஒவ்வொரு படியாக ஏறினார். கதவைத் தள்ளினார்.

திரையோரம், நாற்காலியில், தலை குனிந்தபடி மாமியார். பக்கத்தில் நீலக் கார்பன் தாள்கள். விரல் நிற்கவில்லை.

டோக்கன் கையிலிருந்து ஒரு பெட்டி நழுவி, சீட்டுகள் தரையெல்லாம் சிதறின.

"அத்தை... நான் எழுதிக் குடுத்ததை நீங்க ஒரு தடவைகூட அனுப்பவே இல்லையா?"

மாமியார் அந்த வரியை அடித்து முடித்துவிட்டுத் திரும்பினார்.

"முதல் வாரம் அனுப்பினேன் மாப்பிள்ளை. திரும்பி வந்துடுச்சு."